ஏழு அடுக்கு ஒட்டு

வரைபடத்தின் கரைக்கோட்டுக்கு அப்பால், நிலத்தின் மேல், நான்கு என்று ஓர் எண் இருந்தது. காலையில் அது அங்கே இல்லை.

பழைய கடல் வரைபடங்களைச் செப்பனிடுவதில் அவளுக்குப் பதினேழு வருடப் பழக்கம், கண் ஏமாறாது. நீரின் ஆழத்தை, ஆறடிக்கு ஒரு பாகம் என்ற கணக்கில் சொல்லும் எண்களுக்கு நிலத்தில் என்ன வேலை? பசையும் ஊறிய காகிதமும் கலந்து புளித்த வாடை அந்த அறையில் எப்போதும் இருப்பதுதான். இன்று அதற்கடியில் பாசி வாடையும் அடித்தது.

காலையில் அவள் செய்தது வீம்புக்குச் செய்த காரியம். கரை மாறினால் அந்தக் காலத்தில் வரைபடத்தைத் தூக்கிப் போட மாட்டார்கள். மாறிய இடத்தை மட்டும் தாளில் வரைந்து மேலே ஒட்டுவார்கள். கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் அப்படி ஏழு தாள்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. அதைத் தொடாதே என்று மேலாளர் சொன்னார். சொன்னதோடு விட்டாரா, உனக்குக் கை சும்மா இருக்காது என்று எல்லார் முன்னாலும் குத்திக் காட்டினார். அவர் தலை மறைந்ததும் ஏழு தாள்களையும் உரித்துத் தண்ணீர்த் தட்டில் போட்டுவிட்டாள். அடியில் வெறும் கடல் இருந்தது. ஏழு முறை யாரோ அந்தக் கடலை மூடியிருந்தார்கள்.

நான்குக்குப் பக்கத்தில் இப்போது ஐந்து. மை காயவில்லை. ஆழம் பார்க்க ஈயக்குண்டின் அடியில் கொழுப்பைத் தடவிக் கயிற்றில் இறக்குவார்கள். ஒட்டி வருவதை எண்ணோடு எழுதுவார்கள். ஐந்தின் கீழே பொடி எழுத்தில் ‘சேறு’ என்றிருந்தது. அடுத்த எண் ஆறு. அதன் கீழே, ‘ஓட்டுச் சில்லு’.

எண்கள் கலங்கரை விளக்கத்தின் பின்தெருவில் ஏறிக்கொண்டிருந்தன. அவள் வீடு அந்தத் தெருவில்தான். காய்ச்சலில் கிடந்த மகளுக்குக் காலையில் தலை பின்னிவிட்டு, தனியாக விட்டுவிட்டு வந்திருந்தாள்.

மகளுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, கூரை மேல யாரோ எதையோ போட்டுப் போட்டு இழுக்கறாங்க."

"எழுந்து வெளிய ஓடு, கண்ணு."

"கதவு தொறக்க மாட்டேங்குதும்மா. ஜன்னல் பூரா பச்சையா இருக்கு."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தட்டில் கையை விட்டாள். ஏழு தாள்களும் கூழாகியிருந்தன. அள்ளினாள். வரைபடத்தில் அப்பினாள். நிற்கவில்லை. வழிந்தது. மறுபடி அள்ளினாள்.

போனில் கூரை ஓடு உடைவது கேட்டது.

பிறகு மகளின் குரல் இல்லை. ஈரக் கயிறு, கைமாற்றிக் கைமாற்றி, நிதானமாக மேலே ஏறும் சத்தம் மட்டும்.

அவள் விரல்களுக்கு நடுவே, வீடு இருக்கும் இடத்தில், மை ஊறியது. ஒன்பது. கீழே அதே பொடி எழுத்து.

‘முடி. பின்னியது.’