வளையத்தில் இரண்டு கயிறுகள்

பாசித் கல்லூரி வாசலில் வண்டியை நிறுத்தியபோது மதியச் சோறு உண்டு அதிக நேரம் ஆகியிருக்கவில்லை. ஆனாலும் வானம் விளக்கு வைக்கிற வேளைபோல இருட்டிக் கிடந்தது. ஐப்பசி மழை. அதிராம்பட்டினத்திலிருந்து வரும் வழியெல்லாம் வயல் எது வாய்க்கால் எது என்று தெரியாமல் ஒரே தண்ணீர்.

வண்டியைப் பூட்டினான். நாலு எட்டு நடந்தவன் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தான். எதையும் இரண்டாவது முறை சரிபார்க்காமல் அவனுக்கு மனசு ஆறாது. சார்ஜாவில் அவன் பார்ப்பது ஸ்டோர் கீப்பர் வேலை. அந்தச் சந்தேக புத்திதான் அங்கே அவனுக்குச் சோறு போட்டது.

கோணிச் சாக்கைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு காவலாளி ஐயாவு வந்தார்.

"பாசித் தம்பியா? வாங்க, வாங்க. துபாய்லேருந்து எப்ப வந்தீங்க?"

"சார்ஜாங்க ஐயா. ரெண்டு வாரம் ஆச்சு. தீபாவளி லீவு, மழை லீவுன்னு இங்க பூட்டியே கெடந்துச்சு."

"எங்களுக்கு எல்லாமே துபாய்தான் தம்பி." சிரித்தார். முன்பல் ஒன்று போயிருந்தது. "கயிறு அவுக்கத்தானே வந்தீங்க? நல்ல நேரத்துக்கு வந்தீங்க. நாளைக்கு இடிக்க வர்றாங்க. கம்ப்யூட்டருக்குக் கட்டடம் கட்டப் போறாங்களாம்."

ஐயாவு, பரிதியின் அப்பா. பரிதி இவனோடு ஒரே அணியில் ஆடியவன்.

அவர்களுடைய கூடைப்பந்து அரங்கம் ஒரு காலத்தில் நெல் கிடங்காக இருந்தது. மில் நொடித்துப் போனதும் கல்லூரி அதை வாங்கி, தரைக்குச் சிமென்ட் பூசி, இரண்டு கம்பங்களை நட்டது. மேலே உயரத்தில் தகரக் கூரை. சன்னலே கிடையாது. எத்தனை முறை கழுவினாலும் உமி வாசனை போகாது. போட்டி நாட்களில் பக்கத்து மில்லிலிருந்து நெல் மூட்டைகளை இரவல் வாங்கிப் படிபடியாக அடுக்குவார்கள். அதுதான் கேலரி. மூட்டைமேல் உட்கார்ந்து கத்தியவர்கள் எல்லாம் ஆட்டம் முடிந்ததும் சுனை அரிக்க அரிக்கச் சொறிந்துகொண்டே வீட்டுக்குப் போவார்கள். ஒரத்தநாட்டுக்காரர்கள் தோற்றுப்போய் அதற்கும் சேர்த்துத் திட்டிய சாயங்காலங்களை நினைத்தால் பாசித்துக்கு சார்ஜா அறையிலும் தனியே சிரிப்பு வரும்.

அணியில் பெரிய கை பரிதிதான். உள்ளங்கையில் ஒரு சிட்டிகை உமியைத் தேய்த்துக்கொண்டு பந்தை வாங்குவான். எறிவதற்கு முன் இரண்டு தட்டு. ஒரு நிறுத்தம். அவ்வளவுதான், பந்து வளையத்துக்குள் இருக்கும். வெறுங்காலோடு ஆடியவனுக்கு பாசித்தின் வாப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த ஷூ கிடைத்தது. ஒரே மாதிரி இரண்டு ஜோடி வந்தது, நண்பர்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். வெள்ளைக் கயிறு, அதில் மெல்லிய நீலக்கோடு.

வெளிநாடு போவதை அதிராம்பட்டினத்தில் சபர் என்பார்கள். அணியில் முதலில் சபர் போனவன் ஜெக்கரியா. புறப்படும் நாளில் தன் ஷூ கயிறு ஒன்றை உருவி வளையத்தில் கட்டினான். "பஸ்ல துண்டு போடுற மாதிரிடா. இந்த ஊர்ல என் எடத்தை எவனும் புடிக்கக் கூடாது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. கட்டியவன்தான் வந்து அவிழ்க்க வேண்டும். அவிழ்த்தால் அவன் ஊருக்கு வந்துவிட்டான். தொங்கினால் இன்னும் வரவில்லை.

சபர் போகும்போது பரிதி கட்டிய கயிறு தொங்கிக்கொண்டேதான் இருந்தது. அங்கே கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தான் என்று சொல்லி ஒரு பெட்டி வந்தது. திறக்க வேண்டாம் என்றார்கள். திறக்காமலே எரித்தார்கள். அடுத்த மாதம் பாசித்துக்கு விசா வந்தது. அவன் தன் கயிற்றை பரிதியின் கயிற்றுக்குப் பக்கத்தில் கட்டிவிட்டுப் போனான்.

"மத்தவங்க எல்லாரும் வந்து அவுத்துக்கிட்டுப் போயிட்டாங்க தம்பி. உங்களுதும் எங்க பரிதியோடதும்தான் பாக்கி." ஐயாவு கதவைத் தள்ளினார். வாசலிலேயே நின்றுகொண்டார். "நான் உள்ள வரலைங்க."

"ஏங்கய்யா?"

"மழை பேஞ்சா உள்ள சத்தம் கேக்குது."

"என்ன சத்தம்?"

"தகரத்துல மழை விழுற சத்தம்தான்." சொல்லிவிட்டு அவர் வேறு பக்கம் பார்த்தார்.

பாசித்துக்கு இந்தக் கயிற்று விஷயத்தில் நம்பிக்கை ஒன்றும் கிடையாது. ஆனால் வீட்டில் அனீஸா இருந்தாள். அவன் புறப்பட்டபோது வயிற்றில் இருந்தவள். இப்போது ஓடியாடிப் பேசுகிறாள். பெண் வீட்டில் மாப்பிள்ளை தங்குவதுதான் அந்த ஊர் வழக்கம். அந்த வீட்டில் அவனைத் தவிர எல்லோரிடமும் அந்தப் பிள்ளை போனது. அவனைக் கண்டால் உம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டு, "அந்த ஆளு, அந்த ஆளு" என்று வீறிட்டது. விடுப்பு முடியப்போகிறது. அடுத்த விடுப்புக்குள் அவள் பள்ளிக்கூடம் போய்விடுவாள். அதற்குள் ஒரே ஒரு தடவை அவள் தன்னை வாப்பா என்று கூப்பிட வேண்டும். அவனுக்கு வேறு ஆசையே இல்லை.

போனில் ஜெக்கரியாதான் கிண்டலாகச் சொன்னான். "கயிறை அவுத்தியாடா? அவுக்காம புள்ள எப்படி வரும்? நீதான் இன்னும் ஊருக்கே வரலையே."

உள்ளே மின்சாரம் இல்லை. திறந்த கதவின் வெளிச்சம் கொஞ்ச தூரம் வந்து நின்றுவிட்டது. காலடியில் உமி நசுங்கியது. கூரையில் மழை பேரிரைச்சலாக விழுந்தது. கம்பத்தில் சாய்த்திருந்த ஏணியை இரண்டு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு ஏறினான்.

வளையம் கைக்கு எட்டியது. துரு. ஒட்டடை. அடுத்தடுத்து இரண்டு கயிறுகள். சுவர்ப் பக்கம் இருப்பது பரிதியுடையது, வெளிப்பக்கம் தன்னுடையது. அப்படித்தானே கட்டினோம்? அல்லது மாற்றியா? பரிதியின் கயிற்று நுனியில் அவன் அம்மா பொன்னுத்தாய் மஞ்சள் நூல் சுற்றியிருந்தாள். அதைத் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். நுனியைத் தேடி விரலை இறக்கினான்.

மழை சட்டென்று நின்றது.

அந்த நிசப்தத்தில், மறுகோடி இருட்டில், பந்து தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது.

டப். டப்.

ஒரு நிறுத்தம்.

 வியர்வையும் உமியும் கலந்த வாசனை. ஏணிக்குக் கீழே, மிக அருகில்.

விரலில் முதலில் அகப்பட்ட முடிச்சைப் பிய்த்து அவிழ்த்தான். கயிற்றைப் பையில் திணித்துக்கொண்டு சறுக்கி இறங்கி ஓடினான். வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான் அவன் சரிபார்க்கவில்லை.

"அவுத்தாச்சா?" என்றார் ஐயாவு.

"ம்."

"சரிங்க. அவனுது கெடக்கட்டும். பாத்துப் போங்க."

திரும்பும் வழியில் வண்டி இழுக்கவே மாட்டேன் என்றது. பின்னால் கனமான ஆளை ஏற்றியதுபோல் திணறியது. பின் சக்கரத்தில் காற்று இறங்கியிருக்கும் என்று இறங்கி அமுக்கிப் பார்த்தான். கல்லாக இருந்தது. பின்னிருக்கையைத் தொட்டான். அவ்வளவு மழையில் அந்த இருக்கை மட்டும் காய்ந்திருந்தது.

பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்லும்போது வீட்டுக்குள் நுழைந்தான். கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்த அனீஸா நிமிர்ந்து பார்த்தாள். வீறிடவில்லை. முகம் மலர்ந்தது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"வாப்பா!"

"அல்லாவே!" என்று கையைத் தட்டினாள் மாமியார் பாத்திமா. "பாத்தீங்களா மாப்பிள்ளை, புள்ள வந்துடுச்சு!" அவன் மனைவி நுஸைபா அடுக்களை வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பாசித் குனிந்து கையை நீட்டினான்.

குழந்தை அவனைக் கடந்து போனது.

அவனுக்குப் பின்னால், வெறும் வாசற்படியில் நின்று, எதையோ கட்டிக்கொள்வதுபோல் கையை வளைத்து, அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். திரும்பி வந்தபோது அவளுடைய உள்ளங்கையில் உமி ஒட்டியிருந்தது.

"என்னங்க, சட்டை நனைஞ்சிருக்கே, கழட்டுங்க." நுஸைபா சட்டையை வாங்கிப் பையைத் துழாவினாள். "இது யாரோட கயிறு? நுனியில மஞ்ச நூல் சுத்தியிருக்கு?"

அவன் கயிற்றை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டான்.

அன்று குழந்தை படுக்கையில் தனக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டு, "வாப்பாவுக்கு" என்றது. நுஸைபாவுக்குச் சந்தோஷம். "போய்ப் படுங்களேன்" என்றாள். பாசித் போகவில்லை. அந்தப் பாயில் ஏற்கெனவே ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

விடிந்ததும் கயிற்றை எடுத்துக்கொண்டு கிளம்பினான். இதை மறுபடி கட்டிவிட வேண்டும், தன்னுடையதை அவிழ்த்துவிட வேண்டும். அது மட்டுமே புத்தியில் இருந்தது. வெளியே போகும்போது திண்ணையை மெழுகிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மாளுக்கு சலாம் சொன்னான். அவள் நிமிரவில்லை.

அரங்கத்தின் கூரையில் பாதி தகரம் போயிருந்தது. புல்டோசர் உறுமியது. கம்பம் தரையில் கிடந்தது. அதில் வளையம் இல்லை.

ஐயாவு வேப்பமரத்தடியில் நின்றார். ஈரத் தலை. மழிக்கப்பட்டிருந்தது.

"ஐயா! வளையம் எங்கய்யா? அதுல கயிறு இருந்துச்சே?"

அவர் கண்ணை இடுக்கிப் பார்த்தார். நேற்றுப் பேசிய அடையாளமே அந்த முகத்தில் இல்லை. "நீங்க யாருங்க தம்பி?"

"பாசித்துங்கய்யா. நேத்து வந்தேனே."

"பாசித் தம்பியோட ஆளா? அவர் நேத்தே வந்து தன் கயிறை அவுத்துக்கிட்டுப் போயிட்டாரே." மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். "இருந்தது எம்புள்ளையோடது. இடிக்கிற எடத்துல விட மனசு வரலை. கட்டினவன் வரப்போறதில்ல, நாமளே முடிச்சுடுவோம்னு பொன்னுத்தாய் சொன்னா. கருக்கருவா வெச்சு அறுத்தோம். அவ சுத்துன மஞ்ச நூலுகூட நாள்பட்டு உதுந்து போயிருந்துச்சு. விடியக்காலையில எள்ளும் சோறும் வெச்சு, தலை முழுகி, ஆத்துல விட்டுட்டோம்."

"அய்யய்யோ... அது அவனுது இல்லைங்கய்யா."

"என்ன சொல்றீங்க?"

பாசித் கையை நீட்டினான். மஞ்சள் நூல் சுற்றிய கயிறு உள்ளங்கையில் கிடந்தது. ஐயாவு அந்தக் கையைப் பார்த்தார். அதற்குப் பின்னால் இருந்த மரத்தைப் பார்த்தார். குழம்பினார்.

"கையில ஒண்ணும் இல்லையே தம்பி" என்றார்.

எப்படி வீட்டுக்கு வந்தான் என்று அவனுக்கு நினைவில்லை. தூறல் விழுந்துகொண்டிருந்தது, ஆனால் அவன்மேல் ஒரு துளியும் பட்ட மாதிரி இல்லை. கதவு சாத்தியிருந்தது. உள்ளே தாளிக்கிற வாசனை. அனீஸாவின் சிரிப்பு. "சோத்துக்கு இன்னும் கொஞ்சம் ஆணம் ஊத்தட்டுமா?" என்று நுஸைபா கேட்டாள். இந்த இரண்டு வாரத்தில் ஒருநாளும் அவள் குரல் இவ்வளவு குழைந்து அவன் கேட்டதில்லை.

கதவைத் தட்டினான்.

"யாரு?" மாமியாரின் குரல்.

"நான்தான் மாமி. பாசித்."

உள்ளே பேச்சு நின்றது.

"மாப்பிள்ளை உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருக்காரே. நீங்க யாரு?"

கதவு ஒரு விரல் அளவு திறந்தது. அந்த இடுக்கில், கீழே, அனீஸாவின் முகம். அவனைப் பார்த்தது. உதடு பிதுங்கியது.

"உம்மா, அந்த ஆளு."

யாரோ அவளை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டார்கள். நிலைப்படியில் நாலு உமி உதிர்ந்தது.

டப். டப்.

ஒரு நிறுத்தம்.

பிறகு, தாழ்ப்பாள் விழுந்தது.