பொய்க்கல்லுக்கு ஒரு பொற்கூடு

மேலைக் குன்றுகளின் முதுகில் சாய்ந்த கதிரவன் கருமணியாற்றின் நீர்ப்பரப்பெங்கும் குங்குமத்தைக் கரைத்துவிட்டிருந்த அந்தி வேளையில், செம்பாறைக் கோட்டையின் ஆற்றுவாயிலை ஒட்டிய பொற்பட்டறைக்குள் கோதண்டராயன் மூக்கைப் பட்டுத் துண்டால் பொத்திக்கொண்டு நுழைந்தான். எதிர்க்கரையில் ஐந்நூறு குதிரை வீரருடன் பாசறையிட்டிருந்த அந்த இளவரசனுக்கும், கோட்டைத் தலைவரின் ஒரே மகள் வீமநங்கைக்கும் மறுநாள் நிச்சயதார்த்தம். மணமகளை அவன் பார்த்ததில்லை; பார்க்க விரும்பியதாகவும் தெரியவில்லை, வாசகர்களே!

கரி படிந்த முரட்டுச் சேலையுடன் ஒரு பெண் உலையருகே அமர்ந்திருந்தாள்.

"பொற்கொல்லன் எங்கே?"

"நான்தான் வேலை செய்கிறேன், பிரபு."

"பெண்ணா! இந்தக் குக்கிராமத்தில் வேறென்ன கிடைக்கும்? விளக்கேற்றுவதற்குள் மோதிரம் ஆக வேண்டும்" என்று ஒரு சிவப்புக் கல்லை அவள் முன் விட்டெறிந்தான்.

அவள் அதைச் சாளர ஒளியில் திருப்பிப் பார்த்தாள்.

"பட்டை தீட்டிய கல். கல்லைக் கவ்வும் நான்கு பொன் நகங்கள் வைத்துத் தாங்கி, அடிப்பக்கத்தைத் திறந்து விடுகிறேன். கீழிருந்தும் ஒளி புகுந்தால்தான் பட்டைகள் சுடர்விடும்."

"உன் யோசனையைக் கேட்டேனா? அடியை மூடு. உள்ளே செப்புத் தகடு வை."

"சாயமேற்றிய கண்ணாடிக்கு நிறம் கூட்ட அல்லவா அப்படிச் செய்வார்கள்?"

இளவரசன் ஒரு கணம் திடுக்கிட்டான். பிறகு உரக்கச் சிரித்தான்.

"கண்டுபிடித்துவிட்டாயா? இந்தக் காட்டு இளவரசிக்கு மாணிக்கம் வேறு கேடா? வாயைத் திறந்தால் உனக்கு நாக்கு இருக்காது. நாளை விருந்துக்கு என் வீரர்கள் உள்ளே வந்ததும் கோட்டை என்னுடையது. அவள் தந்தை, அந்தக் கிழவர், பாதாளச் சிறையில் கிடக்கட்டும்."

அவள் பொற்கம்பியை நறுக்கி, ஊதுகுழலால் தீயை ஊதி, வளையத்தோடு நகங்களைப் பற்றவைத்தாள். கல் அமரும் பள்ளத்தை அரத்தால் ராவியபடியே கேட்டாள்:

"தாங்கள் அனுப்பிய காதல் ஓலைகளை இளவரசியார் நாள்தோறும் படிக்கிறாராமே?"

"ஓலைகளா? கூலிக்கு எழுதிய புலவனுக்கே அவை நினைவிருக்குமோ என்னவோ!"

அரம் நின்றது. அந்தச் சொற்களை மனப்பாடமாக வைத்திருந்த நெஞ்சம் அந்தக் கணம் பட்ட வேதனையை எப்படி எழுதுவது? தலை நிமிராமல் அவள் மீண்டும் ராவத் தொடங்கினாள். கல்லை அமர்த்தி, நகங்களை ஒவ்வொன்றாக மடித்து, மோதிரத்தை நீட்டினாள்.

வாங்கிய கோதண்டராயன் முகம் சிவந்தது. அடி திறந்திருந்தது; உலையின் ஒளி ஊடுருவ, கண்ணாடிக்குள் காற்றுக் குமிழிகள் அப்பட்டமாய்த் தெரிந்தன.

"அடியை மூடச் சொன்னேனே, கழுதை!" என்று கை ஓங்கினான்.

கூச்சல் கேட்டு ஓடிவந்த வாயிற்காவலர் நால்வர் அவன் கையைப் பிடித்து முறுக்கினர். அவர்களின் தலைவன் அவளை வணங்கி, "தேவி, காயமொன்றும் இல்லையே?" என்றான்.

"தே... தேவியா?"

"நான்தான் வீமநங்கை. எட்டாண்டுகளாக என் பொழுதுபோக்கு இந்தப் பட்டறைதான். உமக்கு மோதிரம் செய்து வைக்க வந்தேன், மணமகனாயிற்றே என்று. கல்லைக் கண்டதும் பொய்யென்று தெரிந்துகொண்ட எனக்கு, மூன்று மாதமாக உம் ஓலைகளைப் படித்தும் உம்மைத்தான் தெரியவில்லை. வெட்கமாயிருக்கிறது."

"சிறையில் தள்ளட்டுமா, தேவி?" என்றான் காவலர் தலைவன்.

"வேண்டாம். அங்கே கள்வர்கள் இருக்கிறார்கள்; அவர்களை அவமதிக்காதே. இவரைப் படகில் ஏற்றி அக்கரையில் தள்ளிவிட்டு வாயிலை அடைத்துவிடுங்கள். குதிரைகள் மதில் ஏறா."