நடு ஹாலில் சிக்னல் இல்லை

சமையலறையில் சிக்னல் முழுசாக இருந்தது. இரண்டு சுவர் தாண்டி, கேஸ் சிலிண்டருக்குப் பின்னால், வெங்காயக் கூடைக்கு மேலே போனைப் பிடித்தாலும் எல்லாக் கோடுகளும் நிமிர்ந்து நின்றன. பாத்ரூமில்கூட இருந்தது. ஹாலில், ரூட்டருக்கு நேர் எதிரே போட்டிருந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தால்தான் ஒவ்வொரு கோடாகக் குறைந்து கடைசியில் ஒன்றுமில்லாமல் போனது. நாற்காலிக்கும் ரூட்டருக்கும் நடுவில் சுவர் கிடையாது, பீரோ கிடையாது, காயப்போட்ட துணிகூடக் கிடையாது. வெறும் டைல்ஸ் தரைதான் இருந்தது.

நியாஸுக்கு முதலில் வந்தது கோபம்தான். பயம் பிறகு வந்தது. வந்தபோதும் அதையும் கோபம் என்றே நினைத்துக்கொண்டான்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற சாலையில், கருவேலங்காட்டை ஒட்டி நின்ற அந்தப் பெரிய வீடு அவனுடையது அல்ல. மனைவி ஷஹீனாவின் அண்ணன் நவாஸ் சவுதியில், தம்மாமில் சம்பாதித்துக் கட்டி, ஒருநாள்கூடத் தங்காமல் திரும்பிப் போன வீடு. ஷார்ஜாவில் வேலை போய் ஊருக்கு வந்த நியாஸை, சும்மா கிடக்கிற வீட்டில் விளக்காவது எரியட்டும் என்று குடிவைத்திருந்தான். அதைச் சொல்லிக்காட்டாத நாள் கிடையாது. இப்போது தம்மாமில் ஒரு கடைக்கு விசாவும் வாங்கி அனுப்பிவிட்டான். செவ்வாய்க்கிழமை விமானம்.

நியாஸுக்குப் போக மனமில்லை. மகள் ஜன்னத் பிறந்ததை அவன் போனில்தான் பார்த்தான். குப்புற விழுந்ததைப் பார்த்ததும் போனில்தான். இப்போதுதான் அவள் தவழ்ந்து வந்து அவன் கால் விரலைப் பிடிக்கிறாள். அதை விட்டுவிட்டு மறுபடி அடுக்குக் கட்டிலில் போய்ப் படுக்க அவன் தயாராக இல்லை. தப்பிக்க ஒரே வழி இருந்தது. போனில் அவன் விளையாடுகிற துப்பாக்கி விளையாட்டுக்குச் சென்னையில் ஒரு கம்பெனி டீம் எடுக்கிறது. தேர்வானால் மாதச் சம்பளம், வீட்டிலிருந்தே விளையாடலாம், விளையாடுவதை நெட்டில் லைவ் ஓட்டலாம். சனிக்கிழமை மதியம் கடைசி மேட்ச். லைன் அறுந்தால் ஆள் அவுட்.

அதற்காகத்தான் டவுனுக்கு வண்டியை விட்டான். பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சோலைச்சாமி, ஊரில் பாதி வீட்டுக்கு ரூட்டர் மாட்டியவர்.

“கம்பெனிக்காரன் சும்மா குடுத்தது எப்பிடி பாய் இழுக்கும்?” என்று பெட்டிகளை எடுத்து மேஜையில் போட்டார். “விளையாடவும் செய்யணும், லைவும் விடணும்னா டூயல் பேண்டு எடுங்க. ஃபைவ் ஜி பேண்டு பறக்கும். ஆனா செவத்தக் கண்டா படுத்துரும். எதுக்கால வச்சு விளையாடுறதுன்னா அதுதான் சரி.”

“எதுக்கால வச்சுத்தாண்ணே விளையாடுறேன். எதுக்கால வச்சாத்தான் போகுது.”

“நடுவுல ஆளு உக்காருதா?”

“ஏன் கேக்குறீக?”

“மனுச உடம்பு முச்சூடும் தண்ணி பாய். தண்ணியத் தாண்டி இது வராது. பந்தல்குடி ரோட்டுல ஒரு கல்யாண மண்டபத்துல மாட்டுனேன். காலி மண்டபத்துல பிச்சுக்கிட்டுப் போச்சு. சனம் வந்து உக்காந்ததும் செத்துப்போச்சு. மண்டபத்துக்காரரு என்னையத்தான் வஞ்சாரு.”

“எங்க வீட்டுல நடு ஹால்ல யாரும் நிக்கிறதில்லண்ணே.”

“அப்ப ரூட்டருதான் கோளாறு” என்று நான்கு ஆண்டெனா வைத்த கறுப்பு ரூட்டரை அவன் பக்கம் தள்ளினார் சோலைச்சாமி. வியாபாரிக்கு அதற்கு மேல் கவலை இல்லை.

புது ரூட்டர் ஒருநாள் ஒழுங்காக வேலை செய்தது. மறுநாள் காலை, டீமோடு பயிற்சியில் ஜெயிக்கப் போகிற நேரத்தில், எல்லாக் கோடுகளும் ஒன்றாக விழுந்தன. ரூட்டரில் பச்சை விளக்குகள் ஒரு குறையும் இல்லாமல் சிமிட்டிக்கொண்டிருந்தன. காதில், விருதுநகரில் உட்கார்ந்து டீமை நடத்தும் வெள்ளத்துரையின் குரல் விட்டுவிட்டு வந்தது.

“ஏலே நியாஸ், சனிக்கெழமையும் இப்பிடிப் புட்டுக்கிச்சுன்னு வையி, வேற ஆளப் போட்டுருவேன். பெறகு வந்து அழுகாத.”

நியாஸ் எழுந்து போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஹாலை அளக்க ஆரம்பித்தான். நாற்காலிக்கு இடப்பக்கம் நகர்ந்தால் சிக்னல் வந்தது. வலப்பக்கம் நகர்ந்தாலும் வந்தது. நடுவில் மட்டும் இல்லை. அந்த இல்லாத இடம் ஒரு கதவின் அகலம்கூட இல்லை. ஒரு ஆளின் தோள் அகலம்தான் இருக்கும். நாற்காலியின் மேல் ஏறிப் போனை உயரத் தூக்கினான். சிக்னல் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினான். தரையில் நின்றால் தன் தலை வருகிற உயரத்துக்குச் சற்று மேலே வந்ததும் போய்விட்டது. கீழே இறங்கும்போது, ஏன் என்று யோசிக்காமலேயே, நடு ஹாலை விட்டு விலகிச் சுவரோரமாக வந்தான்.

சமையலறை வாசலில் நின்று ஷஹீனா பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் மாவு ஒட்டியிருந்தது.

“நீங்களும் சுத்தித்தான் போறீகளா மச்சான்?”

“வேற யாரு சுத்திப் போறா?”

“பாப்பா. தவக்க ஆரம்பிச்சதுலருந்து பாக்குறேன். நேரா வரமாட்டேங்குறா. அந்த எடம் வந்தா ஒதுங்கி, செவத்த ஒட்டித்தான் போறா.” அவள் குரல் இறங்கியது. “பந்தல்குடிக்குப் போயிருவோம். அம்மா வீட்டுல கெடப்போம்.”

“அங்க டவரே கெடையாது. நாளான்னைக்கி மேட்ச்ச வச்சுக்கிட்டு அங்க போயி என்ன பண்ணச் சொல்ற?”

“அப்ப நான் சொல்றத ஒரு பேச்சாவே எடுக்கமாட்டீக.”

மனைவி முன்னால் சுவரோரமாக ஒதுங்கியது அவனுக்கு அவமானமாக இருந்தது. அந்த அவமானத்தில்தான் அதைச் செய்தான். விறுவிறுவென்று நடு ஹாலுக்குப் போய், காலை ஓங்கி வெறும் காற்றில் உதைத்தான்.

“நகருடா. ஒங்கப்பன் கட்டுன வீடா இது?”

கால் எதிலும் படவில்லை. போனைப் பார்த்தான். எல்லாக் கோடுகளும் வந்திருந்தன. “பாத்தியா?” என்று சிரித்தான். ஷஹீனா அவனைப் பார்க்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்த ஜன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை வாயில் விரலை வைத்தபடி, நடு ஹாலில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வை மெதுவாக நகர்ந்து வந்தது. ஒரு ஆள் நடந்து வருகிற வேகத்தில் வந்து, தகப்பன் முகத்துக்குப் பக்கத்தில் நின்றது.

அன்று மதிய பஸ்ஸிலேயே ஷஹீனா குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சாலைவரை வந்த நியாஸிடமிருந்து பையை வாங்கிக்கொண்டு ஏறினாள். பஸ் கிளம்பியதும் ஜன்னலில் ஜன்னத்தின் கையைப் பிடித்து ஆட்டிக்காட்டினாள். அது அவனுக்காகவா குழந்தைக்காகவா என்று அவனுக்குத் தெரியவில்லை.

அதன்பிறகு அந்த இடம் ஒரே இடத்தில் இருக்கவில்லை. அவன் நாற்காலியை எங்கே போட்டாலும் அங்கே வந்தது. ரூட்டரை வேறு சுவருக்கு மாற்றினால் கொஞ்ச நேரம் கழித்து அங்கேயும் வந்தது. விளையாடாமல் சும்மா இருக்கும்போது ஒரு தொல்லையும் இல்லை. அவன் ஜெயிக்கிற கட்டத்துக்கு வந்தால் மட்டும் வந்து நின்றது. இது கோளாறு இல்லை, வீம்பு. அந்த உதையை மறக்காத வீம்பு.

சோலைச்சாமியிடம் கேட்டிருந்தால் கடை மூலையில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருப்பார். நியாஸ் கேட்கவில்லை. ஒரு காலி இடத்துக்குப் பயந்து வீட்டை விட்டு ஓடினான் என்று நவாஸ் காதுக்குப் போனால், ஆயுசுக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பான். போனின் சொந்த நெட் இந்தக் காட்டோரத்தில் விளையாட்டுக்குத் தாங்காது. போனில் வயர் சொருகி விளையாடப் போட்டி நடத்துகிறவர்கள் விடமாட்டார்கள். ஆகவே வேறொரு வழி கண்டுபிடித்தான். நடுவில் இடம் இருந்தால்தானே வந்து நிற்கும்.

சனிக்கிழமை மதியம் ஹாலின் மூலையில், முதுகு இரண்டு சுவரும் சேருகிற இடத்தில் பதியும்படி நாற்காலியை இழுத்துப் போட்டான். முன்னால் ஒரு ஸ்டூல். அதன்மேல் ரூட்டர். கையை நீட்டினால் ஆண்டெனாவைத் தொடலாம்.

வெளியே வெயில் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. கருவேலங்காட்டுக்குள் யாரோ போட்டிருந்த கரிமூட்டத்தின் புகை ஜன்னல் இடுக்கு வழியாக வந்து தொண்டையில் காந்தியது, சாலையில் ஒரு லாரி தூரத்திலிருந்தே உறுமி வந்து வீட்டைத் தாண்டி வெகுநேரம் கேட்டுத் தேய்ந்தது, மாடியில் பூட்டிக்கிடந்த அறைகளில் சூடேறிய ஜன்னல் கம்பியோ கதவோ அவ்வப்போது டக் டக்கென்று விரிந்துகொண்டிருந்தது, மின்விசிறி சுற்றச்சுற்ற சீலிங்கிலிருந்து சூட்டைத்தான் வாரி இறைத்தது. இவ்வளவுக்கும் அடியில் ஒரு வாடை இருந்தது. மழை பார்த்து மாதக்கணக்கான ஊரில், பூட்டிய வீட்டுக்குள், பிழியாமல் சுருட்டிப் போட்ட ஈரத்துணியின் வாடை. நியாஸ் எழுந்து போய்ப் பாத்ரூமில் பார்த்தான். வாளி காய்ந்து கிடந்தது. திரும்பி வந்து இயர்போனை மாட்டிக்கொண்டான்.

மேட்ச் தொடங்கியது. சிக்னல் முழுசாக இருந்தது.

நன்றாக விளையாடினான். இத்தனை நன்றாக அவன் விளையாடியதே இல்லை. வெள்ளத்துரைகூட இரண்டுமுறை “ஏலே, சூப்பர்” என்றான். எதிரணிகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. லைவ் பார்க்கிறவர்கள் அவன் பேரைப் போட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். திரையில் ஆட்கள் தப்பி நிற்கக்கூடிய வட்டம் சுருங்கியது. இன்னும் ஒரே ஒரு டீம். நியாஸ் மனதுக்குள் ஜன்னத்தைத் தூக்கிச் சுற்றினான். செவ்வாய்க்கிழமை டிக்கெட்டைக் கிழித்துப் போட்டான்.

ஒரு கோடு குறைந்தது.

ரூட்டரைப் பார்த்தான். பச்சை விளக்குகள். நான்கு ஆண்டெனாக்களும் தெளிவாகத் தெரிந்தன. அவனுக்கும் அதற்கும் நடுவில் ஒரு கை நீளம் காற்று. காற்றைத் தவிர எதுவுமில்லை.

இன்னொரு கோடு.

போனை இடப்பக்கம் ஒதுக்கினான். கோடுகள் திரும்பின. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் போய்விட்டன. வலப்பக்கம் ஒதுக்கினான். வந்தன. போயின. இந்தமுறை சீக்கிரமாகப் போயின. தலைக்கு மேலே தூக்கினான். அங்கே வரவே இல்லை.

இவ்வளவு சின்ன இடத்தில் ஒரு ஆள் எப்படி நிற்க முடியும். முட்டி இடிக்குமே. ஸ்டூல் சாயுமே.

நிற்கவில்லை என்றால், குனிந்திருக்கிறது.

“ஏலே எங்க இருக்க, ஒன் பக்கந்தான் வாரான், சுடு, சு…” வெள்ளத்துரையின் குரல் அறுந்தது. அதன்பிறகு இயர்போனில் இரைச்சல்கூட இல்லை. திரையில் அவனுடைய ஆள் துப்பாக்கியை நீட்டியபடி அப்படியே நின்றான்.

எழுந்து ஓடலாம். ஓடினால் தோற்றான். தோற்றால் தம்மாம். போன் ரூட்டர்மேல் முட்டிக்கொண்டிருந்தால் நடுவில் எதற்கும் இடமில்லை. ஒரு கை நீளம்தான். முன்னால் குனிந்தால் போதும்.

நியாஸ் குனிந்தான்.

ஈர வாடை மூக்கில் ஏறியது. கை முன்னால் போகவில்லை. எதுவும் தடுக்கவில்லை. அவன் கைதான் போக மறுத்தது. முகம் மட்டும் முன்னால் வந்துவிட்டது. ரூட்டர் கண்ணுக்கு நேரே சிமிட்டிக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் இரண்டு சுவர். அவனே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த மூலை. செவ்வாய்க்கிழமை விமானத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று முதல்முறையாக ஆசைப்பட்டான். அடுக்குக் கட்டில் போதும். எந்தக் கட்டிலாவது போதும்.

முகத்தில் சூடாகக் காற்று பட்டது. நின்றது. மறுபடி பட்டது.

தன் மூச்சுதான் என்று நினைத்தான். எதிலோ பட்டுத் திரும்பி வருகிறது. அவ்வளவுதான்.

நியாஸ் வாயை மூடி, மூச்சை அடக்கிக்கொண்டான்.

முகத்தில் பட்டுக்கொண்டிருந்த மூச்சு நிற்கவில்லை.