குளம்பிலிருந்து தொடங்கியவள்

மேல்வானின் செம்மை வடிவதற்கும் கீழ்வானில் முழுமதி எழுவதற்கும் இடைப்பட்ட அந்த அரை நாழிகையில், வெள்ளாற்றின் வடகரையெங்கும் பரந்து கிடந்த பகைவர் பாசறையின் வாயிலில், நான்கு புரவிகளைக் கையில் பிடித்தபடி இளம் குதிரைச் செட்டி ஒருவன் நிலைகொள்ளாமல் நின்றிருந்தான். அவன் தலைப்பாகையை இத்தோடு ஏழாவது முறை சரிசெய்துகொண்டான். வாசகர்களே, உங்களிடம் மறைப்பானேன்? அவன் செட்டியும் அல்லன், ஆணும் அல்லன். தென்கரைக் கருங்குன்றத்து அரசரின் மகள் அருமொழிநங்கைதான் அவள்.

அவளுடைய அண்ணன் நன்னன் ஆறு மாதமாக இந்தப் பாசறையில் சிறையிருந்தான். நாளை விடிந்ததும் அவனைத் தொலைதூரக் கோட்டைக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்றும், பிறகு உயிரோடு திரும்ப வழியில்லை என்றும் ஒற்றர்கள் சொல்லிவிட்டார்கள். பாசறைக்குள் தடையின்றிப் போகக்கூடிய அயலார் குதிரை விற்க வரும் செட்டிகள் மட்டுமே. ஆனால் குதிரை லாயமான பந்தியின் தலைவனிடம் குதிரையின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் காட்டாத எவனையும் அங்கே செட்டி என்று நம்ப மாட்டார்கள்.

இளவரசிக்கோ அதுவரை குதிரைக்குத் தலையும் வாலும் உண்டு என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது! குளம்பைப் பாதம் என்றாள். பிடரியைக் கொண்டை என்றாள். காலில் காயம்பட்டுக் கோட்டையில் கிடந்தபடி அவளுக்குக் கற்பித்த கடம்பன் என்னும் குதிரைவீரன் வாய்விட்டுச் சிரித்தான். பத்தே நாளில் அவனைச் சிரிக்க விடாமல் செய்துவிட்டாள். குளம்பு, கணைக்கால், முழந்தாள், மார்பு, பிடரி, கன்னமாகிய கவுள், பல் என்று கீழிருந்து மேலே ஏறி, முதுகு வழியாக வாலில் இறங்கும் வரிசையைத் தூக்கத்திலும் சொன்னாள். அந்த வரிசையை வகுத்தவர் படைத்தலைவர் மகன் சேந்தர் என்று கடம்பன் சொன்னபோது மட்டும் அவள் முகம் மாறியது. சேந்தனுக்குத்தான் அவளை மணம் பேசியிருந்தார்கள். மேல்மாடத்திலிருந்து ஒரே ஒருமுறை பார்த்த அந்த மீசை அரும்பாத முகம், மூன்றாண்டுக்கு முன் ஆற்றங்கரைப் போரில் காணாமற்போயிற்று. பகைவரோடு சேர்ந்துகொண்டான் என்று ஊர் பேசியது. அவளும் பாதி நம்பினாள்.

பந்தித் தலைவன் வந்தான். அடர்ந்த தாடி, கன்னத்தில் நீண்ட தழும்பு. வாயிலருகே இருந்த சிறைக்கூடாரத்தின் காவலர் நால்வர் சற்றுத் தள்ளி நின்றார்கள். வெண்புரவி ஒன்றைச் சுட்டி, உறுப்புகளைச் சொல்லும்படி பணித்தான். அருமொழிநங்கை குனிந்து முன்னங்காலைத் தூக்கிக் குளம்பிலிருந்து தொடங்கினாள். ஒரு பெயரும் பிசகவில்லை. கவுளுக்கு வந்தபோது அவன் கண்கள் தன் முகத்தைவிட்டு அகலவில்லை என்பதைக் கவனித்தாள்.

அவன் சேணத்தைச் சரிபார்ப்பவன்போல அருகில் வந்து, தணிந்த குரலில் பேசினான். "பெயர்கள் எல்லாம் சரி. ஆனால் செட்டிகள் பல்லில்தான் தொடங்குவார்கள். வாங்குகிறவனுக்கு முதலில் வயது தெரிய வேண்டும். போர்க்களத்தில் கால் இடறினால் உயிர் போய்விடும் என்று அஞ்சுகிறவர்கள்தாம் குளம்பில் தொடங்குவார்கள். அதுவும் கருங்குன்றத்துக் குதிரைப்படையில் மட்டும்."

இளவரசியின் கை இடைக்கத்திக்குப் போயிற்று.

"வேண்டாம், இளவரசி. நன்னரின் நெற்றி அப்படியே தங்களுக்கும் இருக்கிறது. அந்த வரிசையை வகுத்தவன் நான்தான்."

மகிழ்ச்சியைவிடக் கோபமே முதலில் வந்தது. "மூன்றாண்டுகள் தாங்கள் இங்கே பகைவன் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தீர்களா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"குற்றுயிராகப் பிடிபட்டேன். பெயரை மறைத்தேன். என் குதிரை அறிவைக் கண்டு பந்தியை என்னிடம் ஒப்படைத்தார்கள். தப்பிப் போக நாள் குறித்திருந்த வாரத்தில் தங்கள் அண்ணனைக் கொண்டுவந்தார்கள். அவரை விட்டுவிட்டு எந்த முகத்தோடு கருங்குன்றம் வருவேன்?"

பாதி நம்பியதற்காக அவள் வெட்கப்பட்டாள். அதைச் சொல்லவும் நேரமில்லை. காவலரில் ஒருவன் சந்தேகத்தோடு நெருங்கினான். சேந்தன் சட்டென்று மண்டியிட்டு, குறையைத் தேடுபவன்போல் வெண்புரவியின் குளம்பில் உள்ளங்கையைப் பதித்தான். கருங்குன்றத்துக் குதிரைவீரர்கள் சத்தியம் செய்யும் முறை அது.

"இந்தக் குளம்பு தென்கரை மணலை மிதிக்கும்போது நன்னர் தங்களோடு இருப்பார். இல்லையேல் நானும் இருக்க மாட்டேன்," என்று முணுமுணுத்தான். பிறகு எழுந்து உரக்கச் சொன்னான்: "செட்டியாரே, காவலரும் கேட்கட்டும். முதலிலிருந்து, நிதானமாக, பல்லிலிருந்து சொல்லும். நான் அதற்குள் மற்ற மூன்றையும் ஓட்டிப் பார்க்கிறேன்."

மூன்று புரவிகளும் சிறைக்கூடாரத்தின் பக்கம் போயின. அருமொழிநங்கை காவலர் நால்வரையும் வெண்புரவியைச் சுற்றி நிறுத்திக்கொண்டாள். பல் என்றாள், கவுள் என்றாள். ஒவ்வொரு மயிர்ச்சுழிக்கும் ஒரு கதை கட்டினாள். காவலர் வாய் பிளந்து கேட்டார்கள். அவள் செவி மட்டும் ஆற்றுப் பக்கமே கிடந்தது.

அவள் வாலுக்கு வந்தபோது மதி எழுந்துவிட்டது. ஆற்றுநீரில் மூன்று புரவிகள் இறங்கும் சலசலப்புக் கேட்டது. இரண்டின்மேல் நன்னனும் சேந்தனும் இருந்தார்கள். அவர்கள் கூடவே இழுத்துவந்த மூன்றாவதன் முதுகு வெறுமையாக இருந்தது.

"குளம்பு," என்று கடைசியாகச் சொல்லிவிட்டு, அவள் வெண்புரவியின்மேல் பாய்ந்து ஏறினாள்.