நாலு தையலும் ஒரு சேலையும்

டெலிபோன் அலறியது.

"எங்க காலேஜ்ல ஒரு பையன் இன்னொருத்தன் மண்டையை உடைச்சிட்டான் சார்..."

"செத்துட்டானா?" என்றார் இன்ஸ்பெக்டர் முனியப்பன், வாய் நிறைய தோசையோடு.

"தெரியல சார். ஆஸ்பத்திரியில நாலு தையல் போட்டாங்க. வாட்ச்மேன் டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள ஆளைக் காணோம்."

தோசை தொண்டையில் நின்றது.

திருப்பதி. 1998, மே மாதம். ஊரே கங்கம்மா கோயில் ஜாத்திரையில் மேளமும் வேப்பிலையுமாகக் கிடக்க, அந்த ரெசிடென்ஷியல் காலேஜில் மட்டும் முந்நூறு பையன்கள் கெமிஸ்ட்ரி உருப்போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்ஜினீயராகி அமெரிக்கா போக வேண்டுமே! வாசலில் பூட்டு. ஜன்னலில் கம்பி. ஜெயிலில் ஞாயிற்றுக்கிழமையாவது உண்டு.

அடித்தவன் ஆபீஸ் அறையில் நின்றான். உதயா. பதினேழு வயது. குடிபாலா கிராமத்தில் கூலி வேலை பார்ப்பவரின் மகன். நாளை மறுநாள் இன்ஜினீயரிங் சேர எழுதும் எம்செட் பரீட்சை. அவனுடைய ஹால் டிக்கெட் கரஸ்பாண்டென்ட் நாகபூஷணத்தின் டிராயருக்குள் போய்விட்டது.

"கேஸ் போடுங்க சார். போன வாரம் ஒருத்தன் மூக்கு, அதுக்கு முந்தி ஒருத்தன் உதடு, இப்ப மண்டை. இவன் பரீட்சை எழுதக் கூடாது," என்றார் நாகபூஷணம்.

"எதால அடிச்ச?"

"ஸ்டீல் டிபன் பாக்ஸ், சார்."

"ஏன்?"

உதயா நாகபூஷணத்தின் டிராயரையே பார்த்தான்.

பக்கத்து நாற்காலியில் டாக்டர் மனோரமா. 'மாணவரிடையே வன்முறை ஏன்?' என்று பேச ஹைதராபாத்திலிருந்து வரவழைக்கப்பட்ட மனநல நிபுணர். வந்த இடத்தில் உதாரணமே கிடைத்துவிட்டதில் அம்மாளுக்குக் கொள்ளை சந்தோஷம்.

"கேபிள் டிவிதான் காரணம்," என்றார்.

"இங்க டிவியே கெடையாது மேடம்," என்றார் நாகபூஷணம் பெருமையாக.

"அப்ப சினிமா."

"ரெண்டு வருஷமா ஒண்ணும் பாக்கல மேடம்," என்றான் உதயா.

"வீட்டுல அப்பா அடிப்பாரா?"

"எங்க நைனா கோழியக்கூட அடிக்க மாட்டாரு. அம்மாதான் அறுக்கும்."

டாக்டர் நோட்டில் 'கோழி' என்று எழுதி அடிக்கோடிட்டார்.

முனியப்பனின் கவலை வேறு. அடிபட்டவன் எங்காவது சுருண்டு விழுந்திருந்தால்... கொலை கேஸ்!

"டேய், அவன் எங்க? சொல்லலன்னா உன் படிப்பே போச்சு."

"தெரியும் சார்." உதயாவின் கண் நிறைந்தது. "கிரண்குமார் என் ஃப்ரெண்டு. சொல்ல மாட்டேன்னு அவனுக்கு சத்தியம் பண்ணிட்டேன்."

ஜீப் ஆஸ்பத்திரிக்குப் பறந்தது.

"தையல் போட்டதும் பையிலேந்து சேலைய எடுத்துக் கட்டிக்கினு பூட்டான் சார்," என்றாள் நர்ஸ்.

வேறு ஊராக இருந்தால் இது பெரிய துப்பு. ஜாத்திரை வாரத் திருப்பதியில் நேர்த்திக்கடனுக்காகச் சேலை கட்டிய ஆண்கள் ஆயிரம் பேர்!

தேடிப்போன ஒன்பதாவது தெருவில் ஒரு ஒல்லிச் சேலை ஜீப்பை மறித்தது. முகமெல்லாம் சந்தனம். வாயெல்லாம் வசவு. இன்ஸ்பெக்டரின் பரம்பரையையே தமிழில் பாதி, தெலுங்கில் பாதியாக நாறடித்தது.

முனியப்பன் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். ஜாத்திரையில் வேஷக்காரன் திட்டினால் பீடை கழியும். போலீசுக்கும் பீடை உண்டு.

கும்பிட்டு நிமிர்ந்தபோதுதான் மல்லிகைப் பூவுக்கடியில் பேண்டேஜ் தெரிந்தது.

"டேய் கிரண்குமார்..."

வசவு நின்றது. "சார், சின்ன வயசுல எனக்கு அம்மை போட்டப்ப எங்கம்மா வேண்டிக்கிச்சு. இந்த வருஷம் வேஷம் கட்டியே ஆவணும். லீவு கேட்டேன், குடுக்கல."

"அதுக்கு?"

"காலேஜ் ரூல் சார். ஜுரம், வாந்தியெல்லாம் செல்லாது. ரத்தம் வந்தாத்தான் வெளிய போக அவுட்பாஸ். நான்தான் அடிக்கச் சொன்னேன். உதயா அழுதுக்கினே அடிச்சான்."

"போன வாரம் ஒருத்தன் மூக்கு உடைஞ்சுதே?"

"அவங்க அக்கா கல்யாணம் சார்."

"அதுக்கு முந்தி உதடு கிழிஞ்சவன்?"

"பிரியாணி துன்னணும்னு ஆசப்பட்டான்."

சேலையோடு அவனை ஆபீஸில் கொண்டுபோய் நிறுத்தினார் முனியப்பன்.

"நாகபூஷணம் சார், கேஸ் போட நான் ரெடி. தூண்டிவிட்டவர்னு உங்க பேரத்தான் முதல்ல எழுதணும்."

நாகபூஷணத்துக்கு வியர்த்தது. டிராயர் தானாகத் திறந்ததுபோல் திறந்தது. ஹால் டிக்கெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உதயா தேம்பினான். டாக்டர் மனோரமா கோழியை அடித்துவிட்டு 'ரூல்' என்று எழுதினார்.

"மொதல்ல அந்த ரூலை மாத்துங்க," என்றார் முனியப்பன்.

"இப்பவே, சார்."

பத்தாவது நிமிஷம் நோட்டீஸ் போர்டில் புது ரூல் வந்துவிட்டது.

'இனிமேல் ரத்தத்துக்கு அவுட்பாஸ் கிடையாது. எலும்பு முறிந்தால் மட்டும்.'

முந்நூறு பேரும் சத்தமில்லாமல் படித்தார்கள். பிறகு சத்தமில்லாமலே உதயாவின் முன்னால் வரிசையாக நின்றார்கள்.

உதயா பெருமூச்சு விட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் ஆளைக் கேட்டான்.

"மச்சான், நீ எந்தக் கையில எழுதுவ?"