தட்டுவதற்கு முன்

பென்சில் வால்வைத் தொடுவதற்கு முன்பே ஸ்பீக்கரில் ணங் என்று கேட்டுவிட்டது.

ஹரிஷங்கர் பென்சிலை அந்தரத்தில் நிறுத்தினான். கிழக்கு கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸின் அந்தச் சின்ன அறையில் நாலு மணி வெயில் மண் நிறமாக மாறிக்கொண்டிருந்தது. புழுதிப் புயலுக்கு முந்தின சூடான காற்று ஜன்னல் இடுக்கில் விசிலடிக்க, மண் வாசனையும் சாலிடரிங் அயர்னின் ஈயப் புகையும் தொண்டையில் ஒட்டின. மேஜைமேல் மூடி திறந்து கிடந்தது அவனே கட்டிய பிரீஆம்ப். இசைத்தட்டின் மெல்லிய சத்தத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கிற வால்வுப் பெட்டி. வால்வுக்குள் ஏதாவது தளர்ந்தால் அது மைக் மாதிரி ஆகி, அறையின் சத்தத்தையெல்லாம் ஸ்பீக்கரில் கொட்டும். ஒவ்வொன்றாகத் தட்டி, கணகணக்கிற வால்வைக் கண்டுபிடித்து மாற்ற வேண்டியதுதான். ஆனால் தட்டின பிறகு அல்லவா கணகணக்க வேண்டும்?

மறுபடி தட்டினான். முதலில் ணங். அப்புறம்தான் பென்சில் பட்டது. தூக்கம் போதவில்லை, வேறென்ன என்று தன்னையே திட்டிக்கொண்டான். புது வால்வு மாற்றியும் கோளாறு போகவில்லை. டீ கிளாஸை வைத்தபோது, அந்தச் சத்தம் ஒரு விநாடி முந்தியே வந்துவிட்டது.

பெட்டிக்குள் முந்நூறு வோல்ட். அதனால் வலது கை மட்டும்தான் உள்ளே போகும். இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொள்வான். ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கினால் மின்சாரம் நெஞ்சைக் கடந்துதான் போகும். காலில் ரப்பர் செருப்பு வேறு. இந்த ஜாக்கிரதைக்கெல்லாம் குறைச்சல் இல்லை. ஆனால் பின்னால் மடங்கிய அந்தக் கையை ஆறு வயது ரோஹிணி தனக்கு என்று எடுத்துக்கொண்டிருந்தாள். ஓசைப்படாமல் வந்து "அப்பா, ஹாத் குடு" என்று தன் உள்ளங்கையைச் செருகுவாள். டில்லியில் பிறந்தவள், கை என்பது அவள் வாயில் ஹாத்தான். மூடி திறந்திருக்கும்போது தொடக் கூடாது என்று குழந்தையிடம் சொல்லச் சொல்லி மனைவி அம்பிகா பத்துத் தடவை சண்டை போட்டிருந்தாள். சொல்லிவிட்டேன் என்று அவன் பொய் சொல்லியிருந்தான். அந்தச் சின்னக் கையின் சூடு அவனுக்குப் பிடித்திருந்தது.

சமையலறையிலிருந்து அம்பிகா குரல் கொடுத்தாள். "ரோஹி, ஜல்தி வா. பால் ஆறுது."

குழந்தை அங்கே போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

மின்சாரம் போனது. விளக்கு அணைந்தது, கூலர் நின்றது. மேஜையின் பிளக்குகள் மட்டும் இன்வெர்ட்டருக்கு மாறின. கூலர் கசிந்த தண்ணீர் தரையில் கறுப்பாகப் பரவிக் கிடந்தது. அந்த அமைதியில் ஸ்பீக்கர் குக்கர் விசிலை ஊதியது. சமையலறையில் சத்தமே இல்லை. அவன் எண்ணினான். நாற்பதில் குக்கர் நிஜமாகவே விசில் அடித்தது.

ஒரு விநாடியாக இருந்த முந்தல் இப்போது நாற்பது ஆகிவிட்டது.

ஸ்பீக்கர் ஓயவில்லை. கிர்ர், டக். அது என்ன என்று புரியவில்லை. அப்புறம் கொலுசு. ஜல், ஜல். "அப்பா, ஹாத் குடு." உடனே ஒரு பட். தொடர்ந்து தொம், தொம் என்று எதையோ இடிப்பது மாதிரி. எங்கோ அம்பிகாவின் அலறல்.

பிறகு வெறும் இரைச்சல்.

எவ்வளவு நேரம் உறைந்து நின்றானோ. என் குழந்தை. என் குழந்தையை இந்த அறைக்குள் விடக் கூடாது. பாய்ந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை இழுத்தான்.

கிர்ர். டக்.

அந்தச் சத்தம்தான்.

 மேஜைக்கடி இருட்டில் துழாவி, கறுப்பு பிளக்கைப் பிடுங்கினான். பிடுங்கினாலும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். அதையும் வடித்துவிட்டால் தீர்ந்தது. வலது கையை உள்ளே விட்டான். இடது கை பழக்கத்தில் தானாகப் பின்னால் போயிற்று. அவசரத்தில் விரல் கம்பியிலேயே அழுந்தியது. ஒன்றும் உறைக்கவில்லை.

அப்பாடா. பெட்டி செத்துவிட்டது.

அப்போதுதான் கவனித்தான். சாலிடரிங் அயர்னின் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது.

வால்வுகள் அணையவில்லை. பிடுங்கியது வேறு பிளக்; இதுவரை காத்தது ரப்பர் செருப்பு.

பின்னால், ஜன்னல் திரை அசைந்தது. பாலுக்குப் பயந்து ஒளிந்திருந்தவள்.

ஜல்.

வெறுங்கால். ஈரத் தரை.

ஜல்.

கையை எடு. எடு. கை கேட்கவில்லை. வாயைத் திறந்தான், காற்றுத்தான் வந்தது.

"அப்பா, ஹாத் குடு."

நாலு வால்வுகளும் ஆரஞ்சு நிறத்தில் நிதானமாக எரிந்துகொண்டிருந்தன. முதுகுக்குப் பின்னால், விரிந்து கிடந்த அவன் உள்ளங்கையில், வெதுவெதுப்பாக, ஒவ்வொன்றாக, ஐந்து சின்ன விரல்கள்.