முதல் வரியில் ஒரு பெயர்

"என் பேரு எதுக்கு ரெண்டாவது வரில இருக்கு?"

"சும்மா ஒரு சம்பிரதாயம், கலா. ஒரே ஒரு கட்டளைதான. அடுத்த வாரம் மாத்திருதேன்."

பதினோரு ஆண்டுகளுக்கு முன், கல்யாண மேடையில் அருணகிரி சொன்னது. தாலி கட்டிய கையோடு வழங்கி முகூர்த்தம் நடந்தது. மாப்பிள்ளை கருந்திரையின் முன் உட்கார்ந்து, கட்டளைகளைத் தட்டி, புதுக் குடும்பத்துக்கான இல்லவழங்கியை, வீட்டை நடத்தும் சர்வரை, நிறுவ வேண்டும். எங்கோ இணைய மேகத்தில், வாடகைக் கணினி ஒன்றில் அது குடியிருக்கும். வீட்டுக் கதவைத் திறக்கும், பள்ளிப் படிவத்தில் ஒப்பமிடும், மருத்துவமனையோடு பேசும். முதல் வரியில் மாப்பிள்ளை, முதலுரிமையர். இரண்டாம் வரியில் பெண், விருந்தினர். அதற்கும் அட்சதை போட்டார்கள்.

பூர்ணகலா மஞ்சள் அரிசியைத் தலையிலிருந்து தட்டிவிட்டுக்கொண்டு சிரித்துவைத்தாள். அவள் படித்ததும் பார்க்கும் வேலையும் வழங்கி நிறுவுவதுதான். தூத்துக்குடியில் பாதி நிறுவனங்களின் வழங்கிகள் அவள் கைபட்டவை. சொந்த வீட்டில் மட்டும் விருந்தினர். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. ஐந்தாறு முறை கேட்டாள். பிறகு, கேட்டு வாங்குவதே அவமானமாகப்பட்டது.

போன செவ்வாய்க்கிழமை, ஒன்பது வயது மகள் தமயந்தி பள்ளி மைதானத்தில் விழுந்து கையை முறித்துக்கொண்டாள். பூர்ணகலா அவளை அள்ளிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினாள். முகப்பில் இருந்த பெண் திரையைப் பார்த்தாள்.

"நீங்க விருந்தினர்க்கா. வலி ஊசி போடவே முதலுரிமையர் ஒப்புதல் வேணும். சாரைக் கூப்பிடுங்களேன்."

"நான் பெத்த பிள்ளைம்மா."

"தெரியுதுக்கா. சிஸ்டம் எடுக்க மாட்டேங்கு."

அருணகிரி கடலுக்குள் ஒரு காற்றாலைக் கோபுரத்தின் உச்சியில் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். அழைத்ததும், "இந்தா அனுப்புதேன்" என்றான். நாற்பது நிமிடம் ஆகியும் ஒப்புதல் வரவில்லை. தமயந்தி அம்மாவின் துப்பட்டா முனையைக் கடித்துக்கொண்டு அழுதாள். கடைசியில் ஒரு மருத்துவர் எரிச்சலோடு எழுந்து வந்து, தன் பொறுப்பில் ஊசி போட்டார். கடலில் சிக்னல் இல்லை என்று அருணகிரி பிறகு சொன்னான்.

சனிக்கிழமை எலும்புக்குத் தகடு வைக்க வேண்டும். அதற்கும் முதலுரிமையரின் ஒப்புதல் இல்லாமல் முடியாது.

வியாழன் பிற்பகல் அவன் கரைக்கு வந்து வீட்டுக்குள் நுழைந்தபோது, சாப்பாட்டு மேஜையில் கருந்திரை எரிந்துகொண்டிருந்தது. உள்ளறையில் தமயந்தி கட்டுப்போட்ட கையோடு தூங்கினாள்.

"என்ன செய்யுத?"

"புது வழங்கி போடுதேன். முதல் வரில என் பேரு."

"பழசுக்கு என்ன கொள்ளை?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மேகத்தில் ஒரு வெற்றுக் கணினியை வாடகைக்கு எடுத்தாயிற்று. தன் பெயரில் கணக்கு, அதற்கு ஒரு சாவி. விரல்கள் கோபத்திலும் பிசகாமல் ஓடின.

"இனி பின்வாசலுக்கு அனுமதி. அதுக்கு அப்புறம்தான் வெளியாளத் தடுக்குற தீச்சுவர எழுப்பணும்," என்றாள், தனக்கே சொல்வது போல. "வழங்கிய நடத்துறவங்க உள்ள போற வழி அது ஒண்ணுதான். மாத்திச் செஞ்சா சாவி கையில இருந்தும் வெளிய நிக்க வேண்டியதுதான். கத்துக்குட்டிதான் அப்படிச் செய்யும்."

அருணகிரி தண்ணீர்ச் செம்பை வாய்வரை கொண்டுபோய், குடிக்காமல் கீழே வைத்தான்.

"தமாவப் புதுசுக்கு மாத்தணும். பழசுல நீங்க உள்ள போயி அவ பேர விடுவிக்கணும். வாங்க, ஒரு நிமிஷ வேலை."

"குளிச்சிட்டு வாரேன்."

"குளிக்கிறதுக்கு முன்னாடி."

"சாவி எங்க வச்சேன்னு பாக்கணும்."

அப்போதுதான் அவள் பழைய வழங்கியில் அந்தக் கட்டளையைத் தட்டினாள். பின்வாசல் வழியாகக் கடைசியாக வந்துபோனது யார் என்று காட்டும் கட்டளை. பின்வாசலுக்குள் போகாமலே விருந்தினரும் அதைத் தட்டலாம். ஊரார் வழங்கிகளில் தினமும் தட்டுகிறவள், கணவனை வேவு பார்ப்பதுபோல் ஆகிவிடும் என்று இங்கே ஒருமுறைகூடத் தட்டியதில்லை.

திரையில் ஒரே ஒரு வரி வந்தது. அவர்களுடைய கல்யாண நாள். உள்ளே வந்தது பதினொன்று நாற்பத்தேழு, வெளியேறியது பதினொன்று ஐம்பத்திரண்டு. அதன்பிறகு ஒருவரும் இல்லை.

"தீச்சுவர முதல்ல எழுப்பிட்டியளா?"

அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். "கூட்டாளி ஒருத்தன் கட்டளையெல்லாம் தாள்ல எழுதிக் குடுத்தான். எல்லாரும் நேரமாச்சு நேரமாச்சுன்னாங்க. ஒரு வரிய விட்டுட்டேன்."

"அப்பம் செவ்வாக்கிழமை?"

"அனுப்பினேன் கலா. மூணு தடவ அனுப்பினேன். அது என்னைய யாருன்னு கேக்கு."

கதவு திறந்தது, விளக்கு எரிந்தது, பால் வந்தது, பிறந்த பிள்ளையின் பெயர் சேர்ந்தது. எல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில் இட்ட கட்டளைகளின்படி தானாக நடந்திருக்கிறது. பதினோரு ஆண்டுகளாக இந்த வீட்டில் முதலுரிமையர் என்று ஒருவர் இல்லவே இல்லை.

"பத்து நிமிஷத்துல சரி பண்ணியிருப்பேன்," என்றாள் பூர்ணகலா. குரல் உயரவில்லை. "ஊருக்கெல்லாம் செய்யுதேன். உங்களுக்குச் செய்ய மாட்டனா?"

"உன்ட்ட வந்து எப்படிச் சொல்ல? நீ இதுலயே பொழைக்கிறவ. சிரிப்பன்னு நெனச்சேன்."

"சிரிச்சிருப்பேன். ஒரு நாள் சிரிச்சிட்டு விட்டிருப்பேன். நாற்பது நிமிஷம் எம்பிள்ளை துணியக் கடிச்சிட்டுக் கெடந்தா. உங்க கௌரவத்துக்கா?"

அவள், மேகக் கணினிகளை வாடகைக்கு விடும் குழுமத்தின் மீட்பு விதியைத் திரையில் திறந்து, அவன் பக்கம் திருப்பினாள்.

"படிங்க."

சாவியை இழந்தவர் தாமே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், எழுத்தில் ஏற்கப்படாது. புதிய முதலுரிமையரின் பெயரையும் அவரே சொல்லிக் கோர வேண்டும். இழந்தவர் ஓராண்டுக்கு இரண்டாம் வரியில் இருப்பார்.

"அப்பம் நானு?"

"விருந்தினர்."

அவன் மெல்லச் சிரிக்கப் பார்த்தான். "அடுத்த வாரம் மாத்திருவியா?"

அவள் எழுந்து, அவனுக்கு நாற்காலியை விட்டுவிட்டு நின்றாள். திரையின் ஓரத்தில் ஒலிவாங்கியின் பச்சைப் புள்ளி எரிந்தது. அருணகிரி உட்கார்ந்தான். உள்ளறைப் பக்கம் ஒருமுறை பார்த்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"என் பேரு அருணகிரி. பழைய வழங்கிக்குள்ள போக எனக்கு வழி தெரியல. கல்யாணத்தன்னிக்கே நானே அடைச்சிட்டேன்." நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "என் பொஞ்சாதி பூர்ணகலா பேர முதல் வரில போடணும்னு கேட்டுக்கிடுதேன்."